ஒற்றியும் உகந்துடைமையும்: நாஞ்சில் நாட்டில் தந்தையின் சொத்து

சொத்துப் பிரிவினை எந்தச் சமூகத்திலும் மனம் கசக்கும் காரியம்தான். ஆனால் நாஞ்சில் நாட்டைப் பொறுத்தவரை அதன் கசப்புக்குத் தனியானதொரு வரலாறு இருக்கிறது. தோவாளை, அகஸ்தீஸ்வரம் என்னும் இரு தாலுகாக்களையும் சுற்றியுள்ள வயற்பரப்பில் வாழ்ந்த வெள்ளாளக் குடும்பங்களில் ஒரு பெரும்பகுதிக்கு, ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன்புவரை, 'அப்பாவின் சொத்து' என்ற சொற்றொடருக்கே பொருள் கிடையாது. அப்பா என்பவர் இன்னொரு வீட்டின் காரணவர். அல்லது இன்னொரு வீட்டின் காரணவர் ஆகப்போகிறவர். அவர் உழுத வயலும் பூட்டிய பத்தாயமும் அவருடைய சகோதரி மக்களுக்குரியவை. பெற்ற பிள்ளைகளுக்கு அவர் தரக்கூடியது பெயரும், பாசமும், பாசத்தின் பேரால் ஒரு சிறு பங்கும் மட்டுமே.

அந்தச் சிறு பங்குக்கு ஓர் அழகிய பெயர் உண்டு: உகந்துடைமை. உகந்து கொடுத்த உடைமை. சட்டப் புத்தகச் சொல்லாகத் தோன்றாமல் அகப்பாடலிலிருந்து எடுத்துக்கொண்ட சொல்லாகவே நமக்குப் படுகிறது. ஒருவர் தம் மக்களுக்கு மனமுவந்து அளிக்கும் பங்கு நான்கில் ஒன்றுக்கு மேற்படலாகாது என்பது வழக்கு. கணவனை இழந்த அல்லது பிரிந்த மனைவியின் பிழைப்புக்கு நங்குடைமை என்றொரு உரிமையும் இருந்தது. இவ்விரண்டையும் கழித்தால் எஞ்சுவது அனைத்தும் மருமக்களுக்கு. இங்கே மருமகன் என்றால் மகளின் கணவன் என்று பொருள் கொள்ளலாகாது, சகோதரியின் மகன். இன்றைய மாணவர்களுக்கு இதைப் பாடமாகச் சொல்லும்போது இந்த ஓர் இடத்தில்தான் அவர்கள் முதலில் தடுக்கி விழுகிறார்கள்.

நாஞ்சில் நாட்டில் மக்கள் வழி வெள்ளாளரும் இருந்தனர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அடுத்தடுத்த தெருக்களில், ஒரே கோயிலில் கும்பிட்டுக்கொண்டு, இரு வேறு சொத்துரிமை முறைகளில் இவர்கள் வாழ்ந்தார்கள். ஒரு வீட்டில் தந்தை இறந்தால் மகன் வயலுக்குப் போனான். பக்கத்து வீட்டில் தந்தை இறந்தால் மகன் தாயை அழைத்துக்கொண்டு மாமன் வீட்டுக்குப் போனான். இந்த ஒப்பீடு அன்றாடம் கண்ணெதிரே நடந்துகொண்டிருந்ததுதான், மருமக்கள் வழிக்கு எதிரான மனநிலை இங்கே அவ்வளவு கூர்மை பெற்றதற்கு ஒரு காரணம் என்று நாம் கருதுகிறோம்.

இனி ஒற்றிக்கு வருவோம். நிலத்தை அடகு வைப்பதில் பல வகை உண்டு. நாஞ்சில் நாட்டில் பேச்சில் புழங்கிய வகை ஒற்றி. பணம் கொடுத்தவர் நிலத்தைத் தம் கைவசம் எடுத்துக்கொள்வார். வட்டி கிடையாது, விளைச்சலே வட்டி. கன்னிப்பூவும் கும்பப்பூவும் அவர் களத்துக்குப் போகும். முதலைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் வயல் திரும்ப வரும். கேட்பதற்கு நியாயமான ஏற்பாடுதான். ஆனால் வயலை இழந்த குடும்பத்துக்கு அந்த முதலைச் சேர்க்க வேறு வழி என்ன? இருந்த வருமானம் வயல்தானே! ஆகவே ஒற்றி வைத்த நிலம் தலைமுறை கடந்தும் மீளாமல் கிடப்பது சாதாரணம். பாட்டனார் வைத்த ஒற்றியைப் பேரன் மீட்ட கதைகளும், மீட்க முடியாமல் மேலும் மேலும் பணம் வாங்கி இறுதியில் விலைக்கே எழுதிக் கொடுத்த கதைகளும் இப்பகுதியில் ஊருக்கு ஊர் உண்டு.

ஒற்றி புதிய சொல்லன்று. சோழ, பாண்டிய கல்வெட்டுகளில் பயிலும் சொல். அழகியபாண்டியபுரம் பெரியவீட்டு முதலியார் குடும்பத்தில் கிடைத்த ஓலை ஆவணங்களிலும், அவற்றை அ.கா. பெருமாள் தொகுத்தளித்த 'முதலியார் ஓலைகள்' நூலிலும், நிலம் கைமாறிய விதங்களைக் காணலாம். மூதாதை எழுதிய ஓலை வழித்தோன்றலைக் கட்டுப்படுத்தும் என்ற எண்ணம் தமிழ் மனத்தில் எவ்வளவு ஆழமானது என்பதற்குப் பெரியபுராணமே சான்று. பாட்டன் எழுதிய ஆளோலையைக் காட்டித்தான் கிழ வேதியர் மணக்கோலத்தில் நின்ற சுந்தரரைத் திருவெண்ணெய்நல்லூர் அவைக்கு இழுத்தார். படியோலையைக் கிழித்தெறிந்தும் பயனில்லை. மூல ஓலை வேறிடத்தில் இருந்தது. ஆவணம் என்பது கிழித்தாலும் சாகாது என்ற உண்மையை நம் சார்பதிவாளர் அலுவலகங்கள் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே சேக்கிழார் அறிந்திருந்தார்.

மருமக்கள் வழியும் ஒற்றியும் ஒரே குடும்பத்தில் சேரும்போது என்ன நிகழும்? காரணவரிடம் நிர்வாகம் இருக்கிறது. உரிமையோ குடும்பம் முழுவதற்கும் பொது. குடும்பத்தின் தேவைக்காக அவர் கடன் வாங்கலாம், நிலத்தை ஒற்றி வைக்கலாம். எது குடும்பத் தேவை என்பதில்தான் வழக்கு. தம் மகளின் கல்யாணத்துக்கு அவர் ஒரு கோட்டை விதைப்பாட்டை ஒற்றி வைத்தால், அது எந்தக் குடும்பத்தின் தேவை? அவருடைய மகள் அவருடைய குடும்பத்தைச் சேர்ந்தவள் அல்லளே! மனைவி வீட்டுக்கு மாமன் சொத்தைக் கடத்துகிறார் என்று அனந்திரவர்கள் வழக்குப் போடுவார்கள். போடாவிட்டால் அவர்களுக்கு நிலம் மிஞ்சாது. மறுபுறம், பெற்ற பிள்ளைகளுக்கு ஒன்றும் செய்யாமல் கண்மூடினால் அந்த மனிதருக்கு மிஞ்சுவது பழி. எழுபது வயதில் ஒருவர் நாகர்கோவில் நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டேறி, சொந்தச் சகோதரியின் மகனது வக்கீல் கேட்கும் கேள்விக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். இதில் யாரும் கொடியவர் அல்லர். சட்டம் அப்படி அமைந்திருந்தது.

கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையின் 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்' இந்த இடத்திலிருந்துதான் பிறந்தது. தேரூரில் 1876 ஆம் ஆண்டு பிறந்த கவிமணியை இன்றும் பலர் குழந்தைப் பாடல்களோடும் 'ஆசிய ஜோதி'யோடும் நிறுத்திக்கொள்கிறார்கள். அவருடைய ஆகச் சிறந்த படைப்பு மான்மியமே என்பது நம் துணிபு. ஒரு காரணவருக்கு ஐந்தாம் மனைவியாக வாழ்க்கைப்பட்ட பெண் தன் கதையைத் தானே சொல்வதாக அமைந்த அங்கத நூல் அது. இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில் பத்திரிகையில் தொடராக வந்து, 1942 இல் நூலுருப் பெற்றது. படலப் பெயர்களே போதும், அவருடைய குறும்பு விளங்க. புராணங்களுக்குரிய 'மான்மியம்' என்ற பெருஞ்சொல்லை ஒரு சொத்துத் தகராற்றுக்குச் சூட்டியது முதற் குறும்பு. 'கோடேறிக் குடிமுடித்த படலம்' என்று ஒரு பகுதிக்குப் பெயர் வைத்தது அடுத்தது. கோடு என்பது திருவிதாங்கூர்ப் பேச்சில் நீதிமன்றம். மலை ஏறுவது போலக் கோர்ட்டுப் படி ஏறி, ஏறிய வேகத்தில் குடும்பத்தையே முடித்துவிட்டு இறங்குவது. வக்கீலுக்கும் சாட்சிக்கும் வழிச்செலவுக்கும் நிலம் கரைந்தால், வெற்றி பெறுவோர்க்கும் தோற்போர்க்கும் பிறகு வேறுபாடு ஏது?

கவிமணி 1901 இல் புத்தேரியில் பெண்ணெடுத்தார். அவருக்கு மக்கட்பேறு இல்லை. பெற்ற மக்களின் வாரிசுரிமைக்காக அவ்வளவு உரக்கப் பேசியவருக்கு, அவ்வுரிமை வந்ததால் சொந்த ஆதாயம் எதுவும் இருந்திருக்க முடியாது. மான்மியத்தை அவருடைய சொந்தக் குறையின் வெளிப்பாடாகச் சுருக்கிப் படிப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

ஒரு நூல் ஒரு சட்டத்தைக் கொண்டுவந்தது என்று மேடைகளில் சொல்வது எளிது. உண்மை சற்றே சிக்கலானது. மலையாளக் கரையில் இந்த விவாதம் முன்பே தொடங்கிவிட்டது. சந்து மேனோனின் 'இந்துலேகா' 1889 இல் வந்தது. மலபார் திருமணச் சட்டம் 1896 இல். திருவிதாங்கூரில் நாயர்களுக்கான முதற் சட்டம் 1912 இலும், அதைவிட விரிவான இரண்டாவது சட்டம் 1925 இலும் பிறந்தன. ஈழவர்களுக்கான சட்டமும் அதே 1925 இல். அந்த வரிசையில் சேது லட்சுமி பாயி ஆட்சிப் பொறுப்பில் இருந்தபோது, கொல்லம் ஆண்டு 1101 இல், அதாவது 1926 இல், நாஞ்சில் நாட்டு வெள்ளாளர் சட்டம் வந்தது. மனைவி மக்களின் வாரிசுரிமையும் குடும்பச் சொத்தில் தனக்குரிய பங்கைக் கேட்டுப் பெறும் வாய்ப்பும் சட்டத்தின் துணை பெற்றன. மான்மியம் சட்டத்தை எழுதவில்லை. சட்டத்தை எதிர்த்துப் பேச முனைந்தவர்களை ஊர் சிரிக்கும்படி செய்தது. அதுவும் பெரிய காரியந்தான்.

பிறகு என்ன ஆயிற்று? இதைப் பற்றி நம் இலக்கியவாதிகள் அதிகம் பேசுவதில்லை. சீர்திருத்தம் வென்றது என்று அத்தியாயத்தை முடித்துவிடுகிறார்கள். பாகப்பிரிவினை தொடங்கியது அப்போதுதான். பெரிய வீடுகள் தாய்வழியாகப் பிரிந்தன. பிரிந்தவை ஆள்வீதம் பிரிந்தன. வயலோடு ஒற்றிக் கடனும் பிரிந்தது. கடனைப் பிரிப்பது வயலைப் பிரிப்பதைவிடக் கடினம். வயலுக்கு வரப்பு போடலாம். ஒற்றிக்காரரோ, 'முழுப் பணத்தையும் கொண்டுவாருங்கள், முழு நிலத்தையும் தருகிறேன். கால் பணத்துக்குக் கால் வயல் தர முடியாது' என்பார். சட்டமும் பொதுவாக அவர் பக்கமே.

அப்போது பங்காளிகளில் ஒருவர் முன்வந்து முழு ஒற்றியையும் மீட்பார். பெரும்பாலும் வெளியூரில் வேலை பார்த்துக் கையில் காசு சேர்த்தவர். மீட்டவுடன் நிலம் தமக்கே என்று அவர் எண்ணுவார். மற்றவர்கள், அவர் அண்ணன் என்ற முறையில் செய்த கடமை என்பார்கள். இரண்டும் தவறு. சொத்து மாற்றுச் சட்டத்தின் 92 ஆம் பிரிவின்படி, முழுக்கடனையும் தீர்த்த பங்காளி ஒற்றிக்காரரின் இடத்துக்கு வருகிறார். அதாவது மற்றவர்கள் தத்தம் பங்குப் பணத்தைக் கட்டும்வரை அவர்களுடைய பங்கின்மீது அவருக்குப் பிடிமானம் உண்டு. உரிமையாளர் ஆவதில்லை. இந்த ஒரு வரி தெரியாமல் எத்தனை அண்ணன் தம்பிகள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள் என்பதற்குக் கணக்கில்லை. கால வரையறை பற்றியும் ஒரு வார்த்தை. 1963 ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் ஒற்றி மீட்க 30 ஆண்டு என்கிறது. ஆனால் விளைச்சலையே வட்டியாக எடுத்துக்கொள்ளும் அனுபவ ஒற்றியில் அந்த 30 ஆண்டு பத்திரம் எழுதிய நாளிலிருந்து ஓடத் தொடங்குவதில்லை, ஒற்றிப் பணம் தீர்ந்த நாளிலிருந்தே என்று உச்ச நீதிமன்றம் 2014 இல் தெளிவுபடுத்தியது. பணத்தைக் கொடுக்காமல் காலத்தை மட்டும் கடத்தினால் ஒற்றிக்காரர் உரிமையாளர் ஆகிவிட மாட்டார்.

இத்தனைக்கும் நடுவில் வீட்டின் திண்ணையில் ஒரு முதியவர் அமர்ந்திருக்கிறார். நம் அக்கறையெல்லாம் அவர்மீதுதான். பழைய முறையில் அவருக்கு மக்கள் மீது உரிமை இல்லை, மக்களுக்கு அவர் சொத்தின் மீதும் உரிமை இல்லை. ஆனால் தாய்வழி வீட்டில் அவருக்கு ஒரு மூலையும் இலையும் உண்டு. அது பிறப்பால் வந்தது. யாருடைய தயவும் அன்று. எந்த மருமகனும் அவரை வெளியேற்ற முடியாது. சீர்திருத்தம் இதை மாற்றியது. தந்தை முதன்முறையாகச் சொத்துடையவர் ஆனார். அதனாலேயே முதன்முறையாக மக்கள் காத்திருக்கும் மனிதரும் ஆனார். எழுதிக் கொடுக்கும்வரை மதிப்பு, எழுதிக் கொடுத்தபின் என்னவோ என்ற அச்சம் நாஞ்சில் நாட்டு வெள்ளாளத் தந்தைக்கு 1926 க்குப் பிறகு கிடைத்த புதுப் பொருள். மக்கள் வழியார் அதை எப்போதோ அறிந்திருந்தார்கள். மான்மியம் பாடிய கைக்கு இதைப் பாட நேரமில்லாமல் போயிற்று என்பதில் நமக்குச் சிறு வருத்தம் உண்டு.

இந்த அச்சத்துக்குப் பத்திரம் எழுதுவோர் கண்ட மருந்துகள் கவனிக்கத்தக்கவை. ஒன்று, ஆயுட்கால அனுபவ பாத்தியதை. சொத்தை மக்களுக்கு எழுதி வைத்துவிட்டு, தம் ஆயுள் உள்ளவரை வருமானத்தை அனுபவிக்கவும் வீட்டில் குடியிருக்கவும் உரிமையை நிறுத்திக்கொள்வது. மற்றொன்று நமக்கு இன்னும் நயமாகத் தோன்றுவது. வயலை ஒற்றி வைக்க நேர்ந்தபோது, ஒற்றி வாங்கியவரிடமிருந்தே அந்த வயலைப் பாட்டத்துக்குத் திரும்ப எடுத்துக்கொள்வது. பத்திரப்படி நிலம் அவர் கையில். நடைமுறையில் உழுவதும் நடுவதும் பழையவர்களே. ஆண்டுக்கு இத்தனை கோட்டை நெல் பாட்டம் அளக்க வேண்டும், அவ்வளவே. சுருக்கமாகச் சொன்னால், வட்டியை நெல்லாகக் கொடுக்கும் ஏற்பாடு. கணக்குப் பார்த்தால் அதில் இலாபமில்லை. ஆனால் முதியவர் விடிந்ததும் மண்வெட்டியோடு போய்த் தம் மடையைத் தாமே திறந்துவிடலாம். வரப்பில் எதிர்ப்படுபவர் எதையும் கேட்க மாட்டார். வீடு முழுக்க அறிந்த கடனை அவரிடம் மட்டும் சொல்லாமல் காப்பதற்கு இதைவிட நல்ல திரை கிடையாது.

ஐரோப்பாவில், குறிப்பாக ஆஸ்திரியா, ஜெர்மனி, ஸ்காண்டிநேவிய நாட்டுக் கிராமங்களில், உழவர்கள் முதுமையில் நிலத்தை மகனிடம் ஒப்படைக்கும்போது ஒரு ஒப்பந்தம் எழுதுவது நெடுங்கால வழக்கம். தனக்கு ஓர் அறை, ஆண்டுக்கு இன்ன அளவு தானியம், பால், விறகு என்று ஒவ்வொன்றையும் எழுத்தில் பதிவார்கள். பெற்ற மகனிடம் பாலுக்குப் பத்திரம் எழுதுவதா என்று நம்மவர்கள் முகம் சுளிப்பார்கள். லியர் அரசன் அப்படியொன்றை எழுதி வைக்காமல், நூறு வீரர்களை வைத்துக்கொள்ளும் வாய்மொழி உரிமையோடு அரசைப் பிரித்துக் கொடுத்து என்ன ஆனான் என்பதை ஆங்கில இலக்கியத் துறை நண்பர்களிடம் கேட்டுக்கொள்ளலாம்.

நம் நாட்டிலும் சட்டம் அந்தத் திசைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23 ஆம் பிரிவு, தம்மைப் பேண வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, அந்த நிபந்தனை மீறப்பட்டால் தீர்ப்பாயத்தின் வழி திரும்பப் பெற இடம் தருகிறது. நிபந்தனை இருந்ததாகக் காட்டியாக வேண்டும் என்று 2022 இல் உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகச் சொன்னது. முதியோர் நலனுக்காக வந்த சட்டத்தைத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று 2025 இன் தொடக்கத்தில் மற்றொரு வழக்கில் சொன்னது. ஆக, பாசத்தின்பேரில் எழுதிக் கொடுக்கும்போது பாசத்தை நம்பி ஒரு வரியை விட்டுவிடலாகாது. உகந்துடைமை என்று பெயரிட்ட முன்னோர் அதற்கு ஓர் அளவும் வைத்தார்கள் அல்லவா?

பெண்கள் இந்தக் கதையில் எங்கே போனார்கள் என்று கேட்பவர்கள் சரியான கேள்வியைக் கேட்கிறார்கள். பெண்வழியாக இறங்கிய சொத்து மகன் கைக்கு மாறியபோது, மகளின் பங்கு சீதனம் என்ற பெயரில் கல்யாணப் பந்தலில் தீர்க்கப்பட்டது. 1956 ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், நாஞ்சில் நாட்டு வெள்ளாளர் சட்டத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அதற்குட்பட்டோருக்கும் பொது வாரிசுரிமையை விரித்தது. அதே ஆண்டு நவம்பர் 1 இல் இப்பகுதி கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழ்நாட்டோடு இணைந்தது. சட்டத்தில் மகளுக்குப் பங்கு வந்துவிட்டது. பந்தலில் சீதனமும் நிற்கவில்லை. நாஞ்சில் நாடனின் 'தலைகீழ் விகிதங்கள்' 1977 இல் வந்தபோது அதில் விலை பேசப்பட்டவன் படித்த ஏழை மாப்பிள்ளை. மருமகன் என்ற சொல்லின் பொருள் அரை நூற்றாண்டுக்குள் எப்படித் திரும்பிவிட்டது பாருங்கள்! மாமன் சொத்துக்கு உரியவனாக இருந்தவன், மாமனார் சொத்தை எதிர்பார்க்க வைக்கப்பட்டவன் ஆனான்.

ஒற்றி தீர்ந்ததும் எழுதிக் கொடுக்கும் விடுதலைப் பத்திரத்துக்கும், கணவன் மனைவி உறவு தீர்ந்ததற்கான பத்திரத்துக்கும் திருவிதாங்கூரில் ஒரே பெயர் வழங்கியது: ஒழிமுறி. ஜெயமோகன் திரைக்கதை எழுதி மதுபால் இயக்கிய மலையாளப் படம் 2012 இல் அந்தப் பெயரில் வந்தது. தாய்வழி முறையின் இறுதிக்காலத்துக் காயங்களைச் சுமக்கும் ஒரு தந்தையும், முதுமையில் அவரிடமிருந்து விலக வழக்குத் தொடரும் ஒரு தாயும், நடுவே மகனும். நிலத்திலிருந்து ஒழிவதும் மனிதரிடமிருந்து ஒழிவதும் ஒரே சொல்லில் அடங்குவது தற்செயலா என்று யோசிக்கலாம்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் இன்றும் பாகம் பிரிக்க உட்காரும் மக்களுக்கு ஒரு கூடுதல் இடையூறு உண்டு. மூல ஆவணங்களில் பல மலையாளத்தில் எழுதப்பட்டவை; நாள் கொல்லம் ஆண்டில். தந்தைக்கு மன வருத்தம் வரக்கூடாதென்று எல்லாவற்றையும் அவர் காதில் விழாமல் பேசி முடித்த மக்கள், எண்ணெய்ப் பிசுக்கேறிய பழைய பத்திரத்தின் முன் வந்து நிற்கும்போது, அதை எழுத்துக் கூட்டாமல் வாசிக்கத் தெரிந்தவர் அந்த வீட்டில் அவர் ஒருவராகவே இருக்கிறார். கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்து, அவரிடமே வாசிக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது.